வெளிநடப்புக்கு ஒரு பொன்னாடை

உக்காருங்கண்ணே. அந்தச் சேரு வேணாம், அதுல ஒரு காலு ஆடும். மனு குடுக்க வர்றவங்க உக்கார்ற சேரு அது. நீங்க மாவட்டக் கட்சி ஆபீசுல இருந்து விசாரணைக்கு வந்திருக்கீங்க, இங்கிட்டு ஃபேனுக்கு அடியில உக்காருங்க. எம் பொண்டாட்டி கடைசித் தெரு வரைக்கும் போயிருக்கா, இப்ப வந்துருவா. அவ வர்றதுக்குள்ள நான் சொல்றதக் கேட்டுட்டீங்கன்னா உங்க சோலி பாதி முடிஞ்ச மாதிரி. ஏன்னா இந்த வார்டுக்குக் கவுன்சிலர்னா நாந்தேன்.

எழுத்துல அவ பேருதேன் இருக்கு, இல்லேங்கல. ஒன்பதாவது வார்டப் பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிட்டாய்ங்க, நான் என்ன செய்யட்டும்? வாசல்ல போர்டு பாத்திருப்பீங்க. பஞ்சவர்ணம் வைரமணி, பேரூராட்சி உறுப்பினர். அதுல வைரமணிங்கிறது மட்டும் கொஞ்சம் பெருசாத் தெரியும். அது பெயிண்டர் சந்தனம் செஞ்ச வேலை. எடம் மிச்சம் இருந்துச்சாம்.

நான் பொண்டாட்டிய அடக்கி வைக்கிற ஆளு இல்லண்ணே. ஊர்ல யாரையும் கேட்டுப் பாருங்க. அவளுக்குப் பதிலா மனு வாங்குவேன், அவளுக்குப் பதிலா ஆபீசுக்குப் போவேன், அவ என்ன பேசணுங்கிறதையும் நானே எழுதிக் குடுத்துருவேன். அவளுக்குச் செரமமே வைக்கிறதில்ல. கூட்டத்துக்குள்ள மட்டும் என்னய விட மாட்டாய்ங்க. அதனால சன்னலுக்கு வெளிய நின்னுக்குவேன். என் தோள்ல கெடக்குற துண்டு எடது பக்கம் இருந்தா உக்காந்திருக்கணும். வலது பக்கம் மாறுச்சுன்னா நம்ம கட்சிக் கவுன்சிலரு ஏழு பேரும் எந்திரிச்சு வெளிநடப்பு செய்யணும். நகரச் செயலாளருங்கிற முறையில நான் பண்ணி வச்ச ஏற்பாடு அது. இத்தன நாளு ஒரு தடவ கூடத் தப்புனதில்ல.

பிரச்சனை என்னன்னா, பேரூராட்சியில காசு இல்ல. அதுல ரெண்டு கட்சிக்கும் சண்டையே இல்ல. யாரு காலி பண்ணுனதுங்கிறதுலதேன் சண்டை. நாம இருந்தப்ப ஊரு எல்லையில ஒரு வளைவு கட்டினோம். நான் கூட நின்னு கட்டுன வளைவு. ஒயரம் கொஞ்சம் கொறஞ்சுபோச்சு, வைக்கோல் லாரி நுழையாது, ஓடக்கரை வழியாச் சுத்திப் போகும். மத்தபடி நல்ல வளைவு. அப்புறம் அவிய்ங்க வந்தாய்ங்க. பஸ் ஸ்டாண்டுல நீரூற்று வச்சாய்ங்க. தெறப்பு விழா அன்னைக்கு மட்டும் தண்ணி வந்துச்சு, அதுவும் லாரியில கொண்டாந்து ஊத்துன தண்ணி. இப்ப அதுக்குள்ள ஆடு படுத்துக் கெடக்கு. நாம செஞ்ச செலவு வளர்ச்சி, அவிய்ங்க செஞ்சது ஊதாரித்தனம். இதையேதேன் அவிய்ங்களும் சொல்லுவாய்ங்க, பேர மட்டும் மாத்திக்கிட்டு.

இதுக்கு நடுவுல கரண்டு பில்லு கட்டல. துப்புரவு செய்றவங்களுக்குச் சம்பளம் நிக்கிது. எங்க வார்டுல கடைசித் தெரு மோட்டாரு புகைஞ்சு போச்சு, காயில் கட்டக் காசு இல்லன்னுட்டாய்ங்க. அந்தத் தெருப் பொம்பளைங்க செங்கச்சூளைக் கெணத்துக்கு நடந்து போயித் தண்ணி தூக்குனாங்க. முத்துப்பேச்சின்னு ஒரு புள்ள, கெணத்துப் படியில வழுக்கி விழுந்து கைய ஒடிச்சுக்கிருச்சு. எலெக்சன்ல அந்தத் தெருவுல போயி, நீங்க ஓட்டுப் போட்டா ஒங்க வீட்டு வாசல்ல தண்ணின்னு வாக்குக் குடுத்தது நாந்தேன். பக்கத்துல கும்புட்டுக்கிட்டு நின்னது அவ. நான் அன்னைக்கு எத்தன தெருவுல எத்தனையோ சொன்னேன். எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்க முடியுமா? அவ வச்சிருந்திருக்கா.

சரி, விசயத்துக்கு வர்றேன். தை மாசக் கூட்டத்துல வீட்டு வரியக் கூட்டப் போறதாச் சேர்மன் தெய்வேந்திரன் தீர்மானம் கொண்டாந்தான். கூட்டுறதுன்னா கொஞ்ச நஞ்சம் இல்ல, நாலு குடுக்குறவன் அஞ்சு குடுக்கணும். எனக்கு ரத்தம் கொதிச்சுப்போச்சு. ஏழை எளியவங்க என்ன செய்வாங்க? நானே என்ன செய்வேன்?

இதுல ஒரு சின்னச் சங்கடம். போன தடவ நாம சேர்மனா இருந்தப்ப நாமளும் வரியக் கூட்டுனோம். அப்ப நான் கவுன்சிலரு, எழுத்துலயும். உள்ள நின்னு பேசுனேன். வரி குடுக்காம ஊரு எப்புடிய்யா நடக்கும், காத்துலயா மோட்டாரு ஓடும், தெருவிளக்கு என்ன நெலா வெளிச்சத்துலயா எரியும்னு கேட்டேன். கைதட்டு விழுந்துச்சு. தெய்வேந்திரன் அப்ப எதிர்க்கட்சி. மக்கள் வயித்துல அடிக்காதேன்னு கத்திட்டு வெளிநடப்பு செஞ்சான். இந்தத் தடவ நான் பஞ்சவர்ணத்துக்குப் பேச்சு எழுத உக்காந்தா, மக்கள் வயித்துல அடிக்காதேன்னுதேன் பேனா ஓடுது. எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. நல்லாருந்துச்சு, விட்டுட்டேன். அன்னைக்குக் கூட்டத்துல தெய்வேந்திரன் எந்திரிச்சு, காத்துலயா மோட்டாரு ஓடும்னு ஆரம்பிக்கிறான். நெலா வெளிச்சத்தக் கூட விடல. ஒண்ணு ஒத்துக்கணும்ணே, என் பேச்ச என்னய விட அவன் நல்லாப் பேசுனான்.

அட்டை எழுதச் சந்தனத்துக்கிட்டப் போனேன். அவன் பரண்ல இருந்து ஒரு கட்ட எறக்குறான். 'மக்கள் விரோத வரி உயர்வைத் திரும்பப் பெறு.' போன தடவ தெய்வேந்திரன் ஆளுங்களுக்கு எழுதுனது, அப்படியே இருக்கு. ஓரத்துல இருக்குற கலர மட்டும் மாத்தித் தரவா, பாதிக் காசு போதுங்கிறான். சிக்கனமா இருக்கட்டுமேன்னு சரின்னுட்டேன். செலவக் கொறைக்கணும்னு நாம சொல்றமே, அத ஒரு எடத்துல இருந்து ஆரம்பிக்க வேணாமா?

கூட்டத்துக்கு முன்ன ஒரு சமாச்சாரம் நடந்துச்சு, இத நீங்க வெளிய சொல்லக்கூடாது. பழனிக்குப் பாதயாத்திரை போற கூட்டம் நம்ம ஊரு வழியாப் போச்சு. மெயின் ரோட்டுல பந்தல் போட்டு நாந்தேன் நீர்மோர் குடுத்தேன். அதுல தெய்வேந்திரன் கட்சிக் கவுன்சிலரு ரெண்டு பேரு மால போட்டு நடந்து வர்றாய்ங்க. அரசியல் வேற, முருகன் வேற இல்லையா? ரெண்டு பேருக்கும் நானே மோர ஊத்திக் குடுத்து, கால்ல செருப்பு இல்லாம பாத்துப் போங்கப்பான்னு அனுப்பி வச்சேன். அனுப்பி வச்சனே ஒழிய, போனவங்க பேரூராட்சிக் கூட்டத்துல இருக்க மாட்டாங்கன்னு புத்தியில ஏறல. ஏறாததுக்குக் காரணம் இருக்கு. இந்தத் தடவ பேரூராட்சியில அவிய்ங்க எட்டு, நாம ஏழு. என்னைக்கும் எட்டு, என்னைக்கும் ஏழு. எந்த ஓட்டெடுப்புலயும் நாம தோக்கத்தேன் போறோம், அதனால எண்ணிப் பாக்குற பழக்கமே நமக்கு விட்டுப் போச்சு. வெளிநடப்பு ஒண்ணுதேன் நமக்கு நல்லா வர்ற வேல.

அன்னைக்குக் கேபிள் டிவிக்காரன வரச் சொல்லிட்டேன். வாசல்ல அட்டை ரெடி, டீ ரெடி. நான் சன்னல்ல. அந்தச் சன்னல்ல இருந்து பாத்தா நம்ம ஆளுங்க வரிசைதேன் தெரியும், அங்கிட்டு வரிசை செவத்துக்கு மறைவு. தெய்வேந்திரன் பேசி முடிச்சான். ஓட்டுக்கு விடப் போறான். நான் துண்டுல கைய வச்சேன். பஞ்சவர்ணம் என்னயப் பாத்துத் தலைய ஆட்டுறா. வேணாம் வேணாம்னு ஆட்டுறா. கண்ணால அங்கிட்டுக் காட்டுறா. நான் நெனச்சேன், கேமராவப் பாத்துப் பயந்துட்டா போலன்னு. தைரியமா வான்னு நானும் தலைய ஆட்டிட்டு, துண்ட எடுத்து வலது தோள்ல போட்டேன்.

என்ன ஒரு எழுச்சிங்கிறீங்க. ஆறு பேரும் ஒண்ணா எந்திரிச்சாய்ங்க, சேரு உருளுற சத்தமே தனி. கோசம் போட்டுக்கிட்டு வெளிய வந்துட்டாய்ங்க. நான் நடுவுல நின்னு டிவிக்குப் பேட்டி குடுக்குறேன். சர்வாதிகாரம், ஜனநாயகப் படுகொலை, எல்லாம் சொன்னேன். பாதியில ஒருத்தன் காதுல வந்து, அண்ணே, அண்ணி வரலைங்கிறான். வருவா, கூட்டம் நெருக்குதுன்னு சொல்லிட்டு இன்னொரு படுகொலையச் சொன்னேன்.

அவ வரல. தெய்வேந்திரன் வந்தான். கையில ஒரு பொன்னாடை. நேரா எங்கிட்ட வந்து, கேமராவுக்கு முன்னால என் தோள்ல போத்துறான். பொன்னாடையப் பாத்தா நமக்குக் கழுத்து தானா முன்னால வந்துரும், பல வருசப் பழக்கம். குனிஞ்சு வாங்கிக்கிட்டேன். கும்புடு கூடப் போட்டேன். அப்பத்தேன் அவன் சொல்றான், "அண்ணே, ஒங்க ஒத்தாசை இல்லேன்னா இன்னைக்கு இந்தத் தீர்மானம் நெறவேறியிருக்காதுண்ணே."

அன்னைக்குச் சாயங்காலம் பூரா கேபிள்ல அதத்தேன் போட்டாய்ங்க. என் ஜனநாயகப் படுகொலை அரை நிமிசம். பொன்னாடை திரும்பத் திரும்ப.

வீட்டுக்கு வந்ததும் கத்துனேன். ஏன்டி, துண்டு மாறுனது ஒனக்குத் தெரியலையான்னு கேட்டேன். அவ கேமராவுக்குப் பயந்தவ மாதிரியே இல்ல. சோத்தப் போட்டு வச்சுட்டு மெதுவாச் சொல்றா, "அங்கிட்டு ஆறு பேருதேன் இருந்தாங்க. நாம ஏழு பேரு. எல்லாரும் உக்காந்து கையத் தூக்கியிருந்தா வரி இன்னைக்கே செத்திருக்கும். நீங்கதேன் எல்லாரையும் எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிட்டீங்க."

எனக்கு அந்த நேரம் மோருப் பானை ஞாபகம் வந்துச்சு.

அதோட விட்டாளா? உள்ள நடந்தத அப்புறம்தேன் சொன்னா. ஆறு கை வரிக்கு ஆதரவா. எதிர்க்குறவங்க யாருன்னு தெய்வேந்திரன் சிரிச்சுக்கிட்டே கேட்டிருக்கான். இவ ஒத்தக் கையத் தூக்கியிருக்கா. தூக்குனதோட நிக்காம, எழுதிக்கங்க, ஒன்பதாவது வார்டு எதிர்ப்புன்னு சொல்லியிருக்கா. எழுதிட்டாய்ங்க. அப்புறமும் உக்கார மாட்டேங்கிறா. வரிய நான் வேணாம்னேன், நீங்க கூட்டிட்டீங்க, சரி. கூட்டுன காசுல மொதச் செலவு நீரூற்றுக்கா, கடைசித் தெரு மோட்டாருக்கா, அத இப்பவே சொல்லுங்கன்னு கேட்டிருக்கா. அவிய்ங்கள்லயே ரெண்டு பேரு மோட்டாருன்னுட்டாய்ங்க. பொழச்சுக்கிட்ட சந்தோசத்துல இருந்திருக்காய்ங்க, பாவம்.

தெய்வேந்திரன் சும்மா விடுவானா? மோட்டாரு கேக்குறீங்களேம்மா, ஒங்க வீட்டுக்காரரு மாடி கட்டி எத்தனையோ வருசமாச்சு, ஆபீசு வரிக் கணக்குல இன்னும் ஓட்டு வீடுன்னு இருக்கே, அதுக்கு என்ன சொல்றீங்கன்னு கேட்டிருக்கான். எல்லாரும் சிரிச்சிருக்காய்ங்க. இப்பச் சொல்லுங்கண்ணே, ஒரு குடும்பப் பொம்பள இதுக்கு என்ன செய்யணும்? எங்க வீட்டுக்காரர்ட்டக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லணும். இவ என்ன சொல்லியிருக்கா தெரியுமா? மாடி வீடுன்னே மாத்திக்கங்க, நாளைக்கே ஆள விட்டு அளந்துக்கங்கன்னுட்டா. அதுக்கப்புறம் ஒருத்தனும் சிரிக்கலையாம். மோட்டாரும் தீர்மானத்துல ஏறிருச்சு. மறுநாளு டேப்ப எடுத்துக்கிட்டு ஆளு வந்து நிக்கிறான், நானே ஒரு முனையப் பிடிச்சுக் குடுத்தேன். வேற பிடிக்க ஆளு இல்ல.

உண்மையச் சொல்லப்போனா, அவ மேல எனக்கு வந்த கோவம் கட்சிக்காக இல்லண்ணே, அந்த மாடிக்காகத்தேன். பழைய வரியும் ஏறிப்போச்சு, ஓடும் மாடியாப் போச்சு. ஏழை எளியவங்க என்ன செய்வாங்கன்னு நான் கேட்டேன்ல, அந்த எளியவன் நாந்தேன். ரெண்டு வேள சாப்புடாம அவகூடப் பேசாம இருந்தேன். மூணாவது வேள கருவாட்டுக் கொழம்பு வச்சா. அதுக்கு மேல கொள்கையில நிக்க முடியல.

மோட்டாரு வந்துருச்சு. கடைசித் தெருவுல தண்ணி வருது. போன வாரம் முத்துப்பேச்சி இங்க வந்துச்சு, கையில இன்னும் கட்டுப் போட்டிருக்கு. கவுன்சிலர் இருக்காங்களான்னு கேட்டுச்சு. நாந்தேன், சொல்லு தாயின்னேன். இல்லண்ணே, அவங்களத்தேன் பாக்கணும்னு சொல்லிட்டு, அந்தக் கால் ஆடுற சேருல உக்காந்து காத்துக்கிட்டு இருந்துச்சு. அவ வந்தா. ரெண்டு பேரும் என்னமோ பேசிச் சிரிச்சாங்க. நான் உள்ள போயி ரெண்டு டம்ளர் காப்பி போட்டுக் கொண்டாந்து வச்சேன். யாரும் சொல்லல, நானாத்தேன் செஞ்சேன். அப்ப ஏன் செஞ்சேன்னு எனக்கே தெரியல.

இப்ப மாவட்டம் என்ன கேக்குது? கட்சி வெளிநடப்பு செஞ்சப்ப ஒரு உறுப்பினர் உள்ள உக்காந்திருந்தது கட்டுப்பாட்ட மீறுனது. எதிரிகூடப் பேரம் பேசுனது துரோகம். அவள நீக்கணும். எனக்குத் தெரியாம அவளா செஞ்சா, நான் கண்டிக்கிறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா என் நகரச் செயலாளர் பதவி பொழைக்கும். ஃபோன்ல நீங்க சொன்னது இதுதேன? நேத்தே சரின்னுட்டேன். பாருங்க, பேனா கூடச் சட்டப்பையில எடுத்து வச்சுக்கிட்டுத்தேன் உக்காந்திருக்கேன். இந்தப் பதவிக்கு நான் எத்தன போஸ்டரு ஒட்டியிருக்கேன், எத்தன மேடைக்குச் சேரு தூக்கியிருக்கேன். அது இல்லேன்னா ஊர்ல என்னய என்னன்னு கூப்புடுவாய்ங்க? பஞ்சவர்ணம் புருசன்னா?

ஆனா ஒங்ககிட்டச் சொல்லிக்கிட்டு வரும்போதே எனக்கு ஒண்ணு ஒறைக்கிதுண்ணே. அடுத்த எலெக்சன்ல இந்த ஊர்ல நாம என்ன சொல்லி ஓட்டுக் கேப்போம்? வரி உயர்வ எதிர்த்தோம்னு சொல்லுவோம். யாரு எதிர்த்தான்னு தெய்வேந்திரன் கேப்பான்ல? ஆபீசுல போயித் தீர்மான நோட்டப் புரட்டிப் பாத்தா, எதிர்ப்புங்கிற எடத்துல ஒத்தக் கைதேன் இருக்கு. எந்திரிச்சுப் போன ஆறு பேரு பேரும் அதுல இல்ல. என் பேரு எதுலயும் இல்ல. இந்தக் கட்சி வரிய எதிர்த்துச்சுங்கிறதுக்கு இருக்குற ஒரே சாட்சி அவ கை. அந்தக் கைய வெட்டி விடச் சொல்லி நான் எழுதித் தரணுமா?

வேணும்னா இப்புடி எழுதிக்கங்க. எனக்குத் தெரியாமத்தேன் செஞ்சா, அது உண்மை. எனக்குத்தேன் எதுவும் தெரியலையே. எட்டுப் பேருல ரெண்டு பேருக்கு மோரு ஊத்தி அனுப்பிட்டு மிச்ச ஆறு பேர எட்டுன்னு நெனச்சவன் நானு. ஜெயிக்கிற ஓட்ட எழுப்பி வாசலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனவன் நானு. அதுக்குப் பொன்னாடையும் வாங்குனவன் நானு. யாரையாச்சும் நீக்கித்தேன் ஆகணும்னா ஆளு ஒங்க முன்னாலதேன் உக்காந்திருக்கான். சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா சொல்லாம இருந்தா அதவிட வெக்கமா இருக்கும்போல. இந்தாங்க, இந்தப் பேனாவ நீங்களே வச்சுக்கங்க.

என்னண்ணே, எந்திரிச்சுட்டீங்க? ஒங்களுக்குக் கோவம் வரும், எனக்குத் தெரியும். இருந்தாலும் எந்திரிச்சுப் போயிறாதீங்க, அதுல என்ன நடக்கும்னு இந்த ஊர்ல என்னய விட நல்லாத் தெரிஞ்சவன் கெடையாது. வாசல் கேட்டு தெறக்குற சத்தம் கேக்குது பாருங்க. உக்காருங்க, நான் போயி மூணு டம்ளர் காப்பி போட்டுக் கொண்டாறேன். நீங்க கேக்க வேண்டியதக் கவுன்சிலர்ட்டயே கேளுங்க.